அப்பாவின் சாமிக்குப் பிடிக்காதவை

நாற்பதைத் தாண்டி, செய்தித்தாளைக் கையை நீட்டிப் பிடித்துப் படிக்க ஆரம்பித்துவிட்ட என் வயசுக்காரர்களே, உங்களிடம் ஒரு கேள்வி. சின்ன வயசில் உங்கள் வீட்டுச் சாமிக்கு என்னவெல்லாம் பிடிக்காது? மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நான் அப்படி ஓட்டிப் பார்த்த நாளில் திக்கென்று ஆகிவிட்டது. அந்தத் திக் இன்னும் முழுசாக இறங்கவில்லை.

எங்கள் வீட்டுச் சாமிக்கு லேட்டாக வருவது பிடிக்காது. பட்டன் இல்லாத சட்டை பிடிக்காது. சாப்பிடும்போது பேசினால் பிடிக்காது. ரப்பரால் அழித்து அழித்துக் கணக்குப் போட்டால் பிடிக்காது. பெண்பிள்ளைகள் தெருவில் நின்று சிரித்தால் சுத்தமாகப் பிடிக்காது. இத்தனையும் எங்களுக்குச் சொன்னது அப்பா. அவர் செங்கல்பட்டில் கணக்கு வாத்தியார். அவர் தெருமுனையைத் தாண்டுவதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளலாம் என்பார்கள். சாமிக்குப் பிடிக்காததும் அவருக்குப் பிடிக்காததும் ஒன்று விடாமல் ஒத்துப்போனது பத்து வயசில் எனக்கு ஆச்சரியமாகப் படவில்லை. அப்பா அவ்வளவு நல்லவர், அதனால் சாமியோடு ஒத்துப்போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

படம் என்னவோ ஒன்றுதான். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கடையில் வாங்கிய சட்டம். ஓரமெல்லாம் சோழியும் சிப்பியும் ஒட்டியிருக்கும், நடுவில் எங்கள் குலதெய்வமான அம்மன். மழைக்காலத்தில் சோழி ஒவ்வொன்றாக உதிரும். அத்தை சோற்றுப் பருக்கையை நசுக்கி ஒட்டுவாள். எறும்பு வந்து பருக்கையைத் தின்றுவிட்டுப் போகும், சோழி மறுபடி விழும்.

அந்த ஒரே படத்துக்கு முன்னால் அம்மா நின்றால் சாமி வேறு ஆளாகிவிடும். அம்மாவின் சாமிக்கு எதிர்வீட்டுக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்ற கவலை அதிகம். "ஈரத் தலையோட வாசல்ல நிக்காதடி, சாமி கண்ண குத்திடும்" என்பாள். அத்தையின் சாமியோ எதையும் பெரிசாக எடுத்துக்கொள்ளாது. படையலுக்கு வைத்திருந்த சுண்டலை முன்கூட்டியே வாயில் போட்டு நான் மாட்டிக்கொண்ட நாளில் அத்தை சொன்னாள்: "வுடு பாப்பா. பசிச்சா துன்னுட்டு வா, அப்பால கும்புடலாம்னு சாமியே சொல்லும்."

மூன்று பேருக்கும் மூன்று சாமி என்று அப்போது எனக்குத் தோன்றியிருந்தால் பின்னால் அவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டேன்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. கல்யாணமான இரண்டாம் வருஷமே லாரி விபத்தில் மாமாவைப் பறிகொடுத்துவிட்டு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் வேலை பார்த்தாள். அந்தக் கண்ணாடிக் கூண்டும், உள்ளே பேசுகிறவர்களின் வியர்வை வாசமும், பில் அடிக்கிற மெஷினின் கிர்ர் சத்தமும் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து எனக்கும் அக்காவுக்கும் மல்லிகை தொடுத்துத் தலையில் வைத்துவிடுவாள். அவள் வைத்துக்கொள்ளக் கூடாது. வைத்து முடித்ததும் விரல்களை மூக்கருகே கொண்டுபோய் ஒருதரம் முகர்ந்துகொள்வாள், அவ்வளவுதான்.

மாமல்லபுரம் பஸ்ஸில் போகிற கண்டக்டர் ஒருவர் அந்த பூத்துக்குத் தினமும் வந்து ஊரிலிருக்கும் அவர் அம்மாவோடு பேசுவார். பேசி முடித்த பிறகும் போகமாட்டார். மனைவியை இழந்தவர். தோள்பையிலிருந்து தோலும் சில்லறையும் கலந்த ஒரு வாசம் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வருவதாக அப்பாவுக்குச் சொல்லியனுப்பிவிட்டு, சாத்துக்குடிப் பையோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"சார், சுத்தி வளைச்சிப் பேச எனக்குத் தெரியாது. உங்க தங்கச்சிய நான் கட்டிக்கிறேன். என் வூட்ல எல்லாருக்கும் சம்மதம்தான்" என்றார்.

அம்மா காபி டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டாள். அப்பா கோபப்படவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தார் அந்த மனுஷர். நேரம் தவறாத ஒருவரை எந்தக் குற்றத்தைச் சொல்லித் திருப்பி அனுப்புவது என்று அப்பா குழம்பியிருக்க வேண்டும்.

"சாமியக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார்.

சாமியைக் கேட்பது என்றால் எங்கள் வீட்டில் பூக்கட்டிப் பார்ப்பது. ஒரு பூவரச இலையில் வெள்ளைப் பூ, இன்னொரு இலையில் சிவப்புப் பூ வைத்து, இரண்டையும் ஒரே மாதிரி மடித்து வாழைநாரால் கட்டி, குலதெய்வத்தின் காலடியில் போடுவார்கள். எது எந்தப் பொட்டலம் என்று வெளியே தெரியக் கூடாது. வயசுக்கு வராத ஒரு பெண்குழந்தை கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் சாமி சரி என்கிறது. சிவப்பு வந்தால் கூடாது என்கிறது. அக்கா அப்போது பெரியவளாகிவிட்டாள். அதனால் அந்த வருஷம் கை என்னுடையது.

"சாமி இன்னா சொல்லுதோ அதான் முடிவு. உனக்கு சம்மதமா?" என்று அப்பா அத்தையிடம் கேட்டார். அத்தை யோசிக்காமல் தலையாட்டினாள். பிறகு சமையலறையில் அம்மாவிடம், "சாமி எதுக்கு அண்ணி வேணாங்கப் போவுது? நான் இன்னா தப்பு பண்ணிட்டேன்?" என்று சொல்லிக்கொண்டே பருப்பைக் கடைந்தாள். அந்த வாரம் முழுக்க ஏதோ சினிமாப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு திரிந்தாள். எனக்கோ பெருமை தாங்கவில்லை. அத்தையின் கல்யாணமே என் கையில் இருக்கிறது என்று பள்ளிக்கூடத் தோழிகள் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது.

முழுப்பரீட்சை லீவில் ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பினோம். காலையில் அப்பா தலைக்குக் குளித்துவிட்டு, கிணற்றடிச் செடிகளில் தானே பூப் பறித்தார். முதுகைக் காட்டி உட்கார்ந்து பொட்டலங்களையும் தானே கட்டினார். சாமி விஷயத்தில் வேறு யார் கையையும் நம்ப மாட்டார். நந்தியாவட்டைச் செடி அன்றைக்கு ஒரு பூவும் குறையாமல் வெள்ளை வெளேரென்று நின்றது. எவ்வளவு அழகு என்று பார்த்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். வேறு ஒன்றும் தோன்றவில்லை.

இரண்டு பஸ் மாறி கடப்பாக்கம் போய் இறங்கி, மணலில் நடந்தோம். எங்கள் அம்மன் இருப்பது ஒரு சவுக்குத்தோப்பில். கூரை கிடையாது, சுற்றுச்சுவர் இடுப்பளவுதான். சவுக்கு ஊசிகள் மெத்தையாகக் கிடக்கும், காலில் குத்தும். கழிமுகத்துப் பக்கம் பழைய கோட்டையின் இடிந்த சுவர் தெரியும். கருவாட்டு வாசத்துக்கு அம்மா முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள். கடல் இரைகிறதா, சவுக்கு இரைகிறதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அத்தை கொண்டுவந்திருந்த மஞ்சள் புடவையை அம்மனுக்குச் சாத்தச் சொல்லிப் பூசாரியிடம் கொடுத்தாள். காற்றில் அவள் தலைமுடி கலைந்து முகத்தில் விழுந்தது. என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

அப்பா பொட்டலங்கள் இரண்டையும் பூசாரியிடம் கொடுத்தார். பூசாரி அவற்றை அம்மன் காலடியில் உருட்டிப் போட்டார்.

"பாப்பா, சாமிய நெனச்சிக்கினு கண்ண மூடிக்கோ. கைல எது பட்தோ அத எடு."

நான் அத்தையின் சாமியைத்தான் நினைத்துக்கொண்டேன். சிரிக்கிற சாமி. கையில் பட்டதை எடுத்துக் கொடுத்தேன். பூசாரி நாரை அவிழ்த்தார். செவ்வரளி.

"உத்தரவு இல்ல" என்றார் பூசாரி.

அத்தை அழவில்லை. அம்மனையே பார்த்துக்கொண்டு நின்றாள், கடையில் மீதிச் சில்லறைக்கு நிற்பவள் மாதிரி. என் கைதானே எடுத்தது. அவளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று மனசு தவித்தது. அம்மன் காலடியில் இன்னொரு பொட்டலம் அப்படியே கிடந்தது. அதிலிருக்கிற வெள்ளைப் பூவையாவது எடுத்து அத்தைக்குக் கொடுக்கலாம், சாமி பூ என்றால் அவள் வைத்துக்கொண்டாலும் யாரும் திட்டமாட்டார்கள் என்று என் புத்திக்கு எட்டியது. யாரும் கவனிக்கும் முன் அதை எடுத்துப் பல்லால் நாரை இழுத்தேன்.

உள்ளே செவ்வரளி.

"அப்பா, இதுவும் செவப்பு" என்றேன். ஏதோ தவறு நடந்துவிட்டது, அப்பா சரிசெய்துவிடுவார் என்று நம்பித்தான் சொன்னேன். உரக்கச் சொன்னேன்.

பூசாரி என் கையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "உங்க வூட்டு வெவகாரம் வாத்தியாரே, எனக்கு வாணாம்பா" என்று தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாவின் முகத்தில் அவமானத்தைத் தேடினேன். இல்லவே இல்லை. வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நிற்கிற அதே முகம்.

"கொழந்த கை" என்றார் அத்தையிடம். "தெரியாம வெள்ளைய எடுத்துட்டா இன்னா பண்றது? சாமி வேணாம்னு நெனச்சிகினு இருக்கறப்ப இவ கை ஆமான்னு சொல்லிட்டா அது யார் பாவம்? சாமி இன்னா சொல்லும்னு எனக்குத் தெரியாதா? இத்தன வருஷமா கும்புடறேன்."

பொய் சொல்லி மாட்டிக்கொண்டவனைப் பார்த்தால் கோபம் வரும். இவர் பொய் சொன்னதாகவே நினைக்கவில்லை. என் கையால் சாமிக்குக் கெட்ட பெயர் வந்துவிடாமல் காப்பாற்றியதாக நினைத்தார். கடையில் அதிகமாகக் கொடுத்துவிட்ட நாலணாவைக்கூடத் தேடிப் போய்த் திருப்பிக் கொடுக்கிற மனுஷர், சாமியின் வாயைத் தானே கட்டி வந்திருக்கிறார்.

அதைவிடப் பெரிய அடி திரும்பும்போது விழுந்தது. பஸ்ஸில் நான் அத்தையின் மடியில் சாய்ந்திருந்தேன். "அத்த, சாமி ஒண்ணும் சொல்லல. அப்பாதான் சொல்லிச்சு. நீ கண்டக்டர கட்டிக்கோ" என்றேன். அவளும் அதையே சொல்லப்போகிறாள் என்று உறுதியாக இருந்தேன். பெருமாள்கோயில் தேரையே நிறுத்தி வழி கேட்கிற வாய் அவளுடையது.

அத்தை என் தலையை மடியில் சரியாக எடுத்து வைத்தாள். பிறகு சொன்னாள்: "இல்ல பாப்பா. ரெண்டும் செவப்பு வச்சிகினு வந்தாரே, வர்ற வழில சாமி தடுத்திருக்கலாமே. பஸ்ஸ நிறுத்தியிருக்கலாம். அண்ணன் கைய நடுங்க வச்சிருக்கலாம். ஒண்ணும் பண்ணலியே. அப்பன்னா அதுக்கும் இஷ்டமில்லன்னுதான அர்த்தம்?"

சுண்டலை மன்னித்த சாமி எங்கே போயிற்று என்று எனக்குப் புரியவில்லை. அவள் தன் ஆசைக்கு ஒரு சாமியை வைத்திருந்தாள், பயத்துக்கு வேறொன்றை வைத்திருந்தாள். அன்றைக்குப் பயத்தின் சாமிதான் ஜெயித்தது. கண்டக்டருக்கு அப்பாவே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். சொன்ன நேரத்துக்குச் சரியாகப் போனார். கண்டக்டர் வேறு ரூட்டுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார். பிறகு அவருக்குக் கல்யாணமாகிவிட்டதாகக் கேள்விப்பட்டோம். அத்தை அதன் பிறகு பாட்டு எதையும் முணுமுணுக்கவில்லை.

கைபேசிகள் வந்தன, பூத்தை மூடினார்கள். நாங்களும் வீடு மாறினோம். மாறும்போது சோழிச் சட்டம் எங்கோ தொலைந்தது. அப்பா ஓய்வு பெற்றார். அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது, நடந்த வேகத்தில் முறிந்தது. விவாகரத்துக்காகச் செங்கல்பட்டுக் கோர்ட்டுக்கு அவளோடு நடையாய் நடந்தது அப்பாதான். அவள் நாவலூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்து, அங்கேயே ஃபிளாட் எடுத்துத் தனியாக இருந்தாள். அப்பா ஞாயிறு தவறாமல் முருங்கைக்கீரையோடு போய்ப் பார்ப்பார். ஒருநாள் போனபோது அவளுக்குக் காய்ச்சல். தண்ணீர் எடுத்துக் கொடுக்கக்கூட ஆளில்லாமல் கிடந்தாளாம். வீட்டுக்கு வந்து அப்பா சாப்பிடவில்லை.

அவளோடு வேலை பார்க்கிற ஒருவர் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டபோது, வீட்டில் பூகம்பம் வரப்போகிறது என்று நினைத்தேன். அப்பா சொன்னார்: "வாழ வேண்டிய பொண்ணு தனியா கெடக்கறத பாத்துகினு இருக்க சாமிக்கு மட்டும் மனசு வருமா? அதுக்கு அவ்ளோ கல்நெஞ்சா?"

அத்தை அப்போது அதே அறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கத்தி ஒரு நொடி நின்றது. மறுபடி ஓடியது.

முறைப்படி சாமியைக் கேட்டுவிடலாம் என்று அப்பாவே பூப் பறித்து, பொட்டலமும் கட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினார். இந்த முறை பஸ் இல்லை, வேன்; நாவலூரில் அக்காவை ஏற்றிக்கொண்டு போனோம். கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமாகியிருந்தது, மாமல்லபுரத்தை எப்போது தாண்டினோம் என்றே தெரியவில்லை. வழியில் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. மெதுவாகக் கேட்டாள்: "எனக்கு சரின்றீங்களே அப்பா, அன்னிக்கு அத்தைக்கு மட்டும் ஏன்?"

அப்பா திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அதில் கள்ளம் துளியும் இல்லை. "அன்னிக்கு சாமி உத்தரவு குடுக்கலியேம்மா. நான் இன்னா பண்றது? எனக்கு மட்டும் ஆச இல்லாமலா பொட்டலம் கட்டிக்கினு போனேன்?"

நடிக்கிறார் என்றால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் நம்பினார். இரண்டு செவ்வரளியும் அவர் நினைவிலிருந்து போயே போய்விட்டன, வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று, அப்படித்தான் அவருக்கு ஞாபகம் இருந்தது. அவருடைய மனசு மாறிய அன்றே அவருடைய சாமியும் மாறிவிட்டது, மாறியதோடு பழைய நாளையும் திருத்தி எழுதிவிட்டது. சொன்னால் என்ன, இரண்டாவது பொட்டலத்தைப் பிரித்தது நான்தானே என்று வாய் வரை வந்தது. அத்தை என் முழங்காலில் கை வைத்து அழுத்தினாள்.

அப்பாவைக் குறை சொல்வது சுலபம். எனக்கும் ஒரு சாமி இருக்கிறது. அது கேள்வி கேட்கிற பிள்ளைகளைத் தட்டிக்கொடுக்கும், பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பவர்களை மெச்சும், வாத்தியார்கள் மேல் அதற்குக் கொஞ்சம் கோபம் உண்டு. அதையும் நானேதான் என் கையால் செய்திருப்பேன்.

தோப்பில் சவுக்கு முன்பைவிடக் குறைந்திருந்தது. பழைய பூசாரியின் மகன் இப்போது பூசாரி. வீட்டில் பெண்குழந்தை யாரும் இல்லை. அப்பா சுற்றிப் பார்த்துவிட்டு, "நீயே எடும்மா" என்று அத்தையைக் கூப்பிட்டார். கூப்பிட்ட குரலில் அத்தனை பாசம்.

அத்தைக்குத் தலை பாதி நரைத்திருந்தது. கண்ணை மூடவில்லை. குனிந்து ஒன்றை எடுத்துப் பூசாரியிடம் கொடுத்தாள். நந்தியாவட்டை. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள், அக்கா அழுதாள். "சாமி சொல்லிடுச்சு பாத்தியா" என்றார் அப்பா, கண்கலங்கி.

அத்தை திரும்பக் குனிந்தாள். மிச்சமிருந்த பொட்டலத்தை எடுத்து, நாரை நகத்தால் கீறி, இலையை விரித்து அப்பாவுக்கு எதிரே நீட்டினாள். அதிலும் நந்தியாவட்டைதான். காலையில் பறித்தது, ஓரம் லேசாக வாடியிருந்தது.

அப்பா பூவைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வேனில் நினைவில்லாதது அங்கே, அந்த மணலில் நிற்கும்போது, ஒவ்வொன்றாகத் திரும்பி வருவது அவர் முகத்தில் தெரிந்தது.

அத்தை அந்தப் பூவை எடுத்துத் தன் கொண்டையில் சொருகிக்கொண்டாள். முடியில் நிற்காமல் சரிந்தது. இன்னொரு தரம் அழுத்திச் சொருகினாள்.

"இது எனக்கு வந்தது அண்ணே" என்றாள். குரலில் கோபமே இல்லை. "உங்க சாமி ரொம்ப லேட்டு."

அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, அந்தக் கையை மறைக்கத் தெரியாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.